க்ரேன் என்றால் கொக்கு மட்டும்தானா?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரே ஒரு ஆங்கில வார்த்தையின் கதை. சாப்பிட்டு முடித்து சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை வைக்க மனைவி, மகளோடு வீட்டுக்கு வந்திருந்தான். சிங்கப்பூரில் டவர் க்ரேன் ஓட்டுகிறான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 1994 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கீழே எழுதாதீர்கள்.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் மகள், "பாட்டி, எங்கப்பாவுக்கு நீங்க தப்புப் போட்டீங்களாமே?" என்று கேட்டாள். அவன், "ஏய், சும்மா இரு" என்று அதட்டினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா அது?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஆறாவதுல மீனிங் டெஸ்ட் வெச்சீங்க. க்ரேன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. நான் 'பாரம் தூக்குற மிஷின்'னு எழுதினேன். எங்கப்பா அப்ப மெட்ராஸ் ஹார்பர்ல மூட்டை தூக்கிட்டு இருந்தாரு. ஊருக்கு வந்தா க்ரேன் கதைதான் சொல்வாரு. நீங்க சிவப்பு மையில பெருக்கல் போட்டு, 'கொக்குடா, கொக்கு! கொக்கு எங்கடா மூட்டை தூக்கும்?'னு கேட்டீங்க. கிளாஸே சிரிச்சுது. அப்புறம் பத்தாவது முடியற வரைக்கும் எனக்குக் கொக்குன்னுதான் பேரு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னான். அதுதான் சுருக்கென்றது. எனக்கு அந்தச் சம்பவம் நினைவிலேயே இல்லை. அவனுக்கு முப்பது வருஷமாக நினைவிருக்கிறது. வீட்டில் சொல்லி மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவர்கள் போனபிறகு அலமாரியிலிருந்து பழைய அகராதியை எடுத்தேன். அன்று ஆரம்பித்தது. நூலகம், பேரனின் லேப்டாப், என் தம்பி மகன் கொண்டுவந்து கொடுத்த இரண்டு புத்தகங்கள் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. படித்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாத்தியார் புத்தி!

முதலில் பறவைதான் வந்தது. அதில் நான் சொன்னது தப்பில்லை. பழைய ஆங்கிலத்தில் 'க்ரான்' என்றால் நீண்ட கழுத்தும் நீண்ட காலும் உள்ள ஒரு பெரிய பறவை. இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் அது ஏராளமாக இருந்திருக்கிறது. க்ரான்ஃபீல்டு, க்ரான்ஃபோர்டு, க்ரான்புரூக் என்று அங்கே இருக்கும் ஊர்ப் பெயர்களில் எல்லாம் அந்தப் பறவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் மயிலாப்பூர், மயிலாடுதுறை இல்லையா, அது போல.

பிறகு, இடைக்கால ஆங்கிலத்தில், அதே வார்த்தை பாரம் தூக்கும் பொறிக்கும் வந்து சேர்ந்தது. ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். துறைமுகத்தில் நிற்கும் பொறியைப் பாருங்கள். நட்டமாக ஓர் உடம்பு, அதிலிருந்து முன்னால் நீளும் கழுத்து, கழுத்தின் நுனியில் அலகு போலக் கொக்கி. குனிகிறது, கவ்வுகிறது, நிமிர்கிறது.

ஆனால் இந்த ஒப்புமையை ஆங்கிலேயர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பழைய கிரேக்கத்தில் 'கெரனோஸ்' என்றால் அந்தப் பறவை. பாரம் தூக்கும் பொறிக்கும் அதே பெயர். பிரெஞ்சுக்காரர்களின் 'க்ரூ' இரண்டுக்கும் பொது. இத்தாலியரின் 'க்ரு'வும் அப்படியே. போலந்துக்காரர்களின் 'ஜுராவ்' என்பதும் பறவை, பொறி இரண்டையும் குறிக்கும். ஜெர்மானியர் மட்டும் குழப்பம் வேண்டாமென்று பறவைக்குக் 'க்ரானிஹ்', பொறிக்குக் 'க்ரான்' என்று வாலைக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். நம் தாத்தாக்கள் கிணற்றில் ஏற்றம் இறைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஒரு கால், அதன் மேல் நீண்ட துலா, நுனியில் கயிறும் சாலும். அதே ஏற்றம் ருஷ்யாவிலும் ஹங்கேரியிலும் உண்டு. ருஷ்யர்கள் அதை அழைக்கும் பெயர் 'ஜுராவ்ல்', அதாவது க்ரேன் பறவை. ஹங்கேரிக்காரர்கள் அதைக் 'கொக்குக் கிணறு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வைத்த பெயர்கள் என்று தோன்றவில்லை. கண்ணால் பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

பொறியின் கதையும் சுவையானது. கிரேக்கர்கள் கோயில் கட்ட இதைப் பயன்படுத்தினார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே பாரந்தூக்கிகள் வந்துவிட்டன. கற்களில் கொக்கி மாட்டுவதற்காக வெட்டிய பள்ளங்களே அதற்குச் சாட்சி. ரோமானியர்கள் அதில் ஒரு பெரிய மரச்சக்கரத்தைச் சேர்த்தார்கள். விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சக்கரத்தைச் சுற்றியது மாடு அல்ல, மனிதர்கள். சக்கரத்துக்கு உள்ளே ஏறி நின்று படி ஏறுவதுபோல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் ஓரடிகூட முன்னே போக மாட்டார்கள். சக்கரம் சுற்றும், கயிறு சுருளும், கல் மேலே போகும். ரோமில் ஹடேரி என்ற குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பத்தில் இந்தக் காட்சியை அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று அது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போலந்தின் க்டான்ஸ்க் துறைமுகத்தில் 1442 முதல் 1444 வரை கட்டிய ஒரு பிரம்மாண்டமான மரப் பாரந்தூக்கி ஆற்றங்கரையில் நிற்கிறது. பெயர் 'ஜுராவ்' தான். உள்ளே ஆள் நடக்கும் சக்கரங்கள். சுமார் 4 டன் எடையை 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். சரக்கு ஏற்றவும், கப்பலில் பாய்மரம் நடவும் அதுதான். 1945இல் போரில் எரிந்து போனதைத் திரும்பக் கட்டி அருங்காட்சியகத்தோடு சேர்த்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பேராலயத்தின் கதை இதைவிட வேடிக்கை. 1560 வாக்கில் பணமும் ஆர்வமும் தீர்ந்து கட்டட வேலை நின்றுவிட்டது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது அங்கேயே நின்றது, கொஞ்ச காலமல்ல, ஏறக்குறைய 300 வருஷம்! மக்களுக்கு அதுவே ஊரின் அடையாளம் ஆகிவிட்டது. 1842இல் வேலை மறுபடி தொடங்கி, 1868இல்தான் அந்தப் பழைய பொறியை இறக்கினார்கள். 1880இல் கோயில் முடிந்தது. பாதியில் நிற்கும் வீட்டைப் பார்த்து மனம் தளரும் என் உறவினர்கள் சிலர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பிறகு மனிதனின் காலுக்கு ஓய்வு வந்தது. 1846இல் இங்கிலாந்தின் நியூகாசில் துறையில் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை அமைத்தார். இந்த ஆர்ம்ஸ்ட்ராங் படிப்பால் வக்கீல் என்பது கூடுதல் செய்தி. அதன்பின் வில்லியம் ஃபேர்பேர்ன் என்பவர் இரும்புத் தகடுகளால் வளைந்த கழுத்துள்ள பாரந்தூக்கியைச் செய்தார். 1878இல் செய்த அப்படி ஒன்று பிரிஸ்டல் துறையில் இன்றும் நிற்கிறது. படத்தைப் பார்த்தால் பறவை நிற்கிறது என்றுதான் சொல்வீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடிந்து கிடந்த ஜெர்மனியைத் திரும்பக் கட்ட 1949இல் ஹான்ஸ் லீபெர் என்ற கொத்தனார் குடும்பத்துக்காரர், கழற்றி எடுத்துப் போய் எங்கும் நிறுத்தக்கூடிய டவர் க்ரேனை உருவாக்கினார். நம் மாணவன் இன்று உட்கார்ந்திருப்பது அந்த வம்சத்துப் பொறியில்தான்.

இப்போது என் கதைக்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். லண்டனில் தேம்ஸ் கரையில் வின்ட்ரி என்ற இடம், மது வியாபாரிகளின் துறை. பீப்பாய்களைக் கப்பலிலிருந்து இறக்க அங்கே மூன்று மரப் பாரந்தூக்கிகள் நின்றன. அதனால் அந்தத் துறைக்கே 'மூன்று க்ரேன்கள்' என்று பெயர் வந்தது. லண்டனில் மதுக்கடைகளும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டன. பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்கள் என்ன வரைந்தார்கள் தெரியுமா? மூன்று பறவைகளை! துறையில் மூட்டை தூக்கியவனுக்கு க்ரேன் பொறி. பலகை வரைந்தவனுக்கு அது பறவை. நான் செய்த காரியத்தை லண்டனில் எனக்கு முன்பே செய்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் யாரையும் வகுப்பில் நிற்கவைத்துச் சிரிக்கவில்லையே!

இதற்கிடையில் பறவை என்ன ஆயிற்று? அது வருத்தமான கதை. பணக்காரர் விருந்துகளில் க்ரேன் பறவை ஒரு மதிப்பான பதார்த்தம். 1465இல் யார்க் பேராயராக ஜார்ஜ் நெவில் பதவியேற்ற விருந்தின் பட்டியலில் மட்டும் 204 க்ரேன் பறவைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் வேட்டை, இன்னொரு பக்கம் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியது. 1600 வாக்கில் இங்கிலாந்தில் அந்தப் பறவை கூடு கட்டுவதே நின்றுபோனது. அதன் பிறகு பிறந்த ஆங்கிலக் குழந்தைகளில் பெரும்பாலோர் க்ரேன் என்றால் இரும்பைப் பார்த்திருப்பார்களே தவிர இறகைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பெயர்களில் பறவை இருந்தது, வானத்தில் இல்லை. சுமார் 400 வருஷம் கழித்து, 1979இல் சில பறவைகள் தாமாகவே நார்ஃபோக் சதுப்புக்கு வந்து தங்கின. பிறகு ஆட்களும் முயன்று வளர்த்தார்கள். இப்போது அங்கே 200க்கும் மேல் இருக்கின்றன.

ஒரு பறவை எத்தனை வார்த்தைகளில் கால் பதித்திருக்கிறது என்றும் பாருங்கள்.

கல்யாணக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் மணமேடையைப் பார்க்கக் கழுத்தை நீட்டுகிறாரே, அதற்கும் ஆங்கிலத்தில் 'க்ரேன்' என்றுதான் வினைச்சொல். அடுப்பின் மேல் பானையைத் தொங்கவிடும் இரும்புக் கையும், பீப்பாயிலிருந்து மதுவை இறக்கும் வளைந்த குழாயும் ஒரு காலத்தில் க்ரேன்தான். சினிமாவில் கேமரா மேலெழும்பி ஊரையே காட்டும் 'க்ரேன் ஷாட்' உங்களுக்குத் தெரியும்.

ஊட்டி, கொடைக்கானல் தொட்டிகளில் பூக்கும் ஜெரேனியம் என்ற பெயர் கிரேக்கக் 'கெரனோஸ்' வழி வந்தது. அதன் விதைக்காய் அந்தப் பறவையின் அலகு போல் நீண்டிருக்கும். கடைகளில் டப்பாவில் விற்கும் க்ரான்பெர்ரியும் 'க்ரேன் பழம்'தான். அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஜெர்மன் பேச்சிலிருந்து கொண்டுபோன பெயர்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'பெடிகிரி'. வம்சாவளி என்று பொருள். பழைய பிரெஞ்சில் 'க்ரேனின் கால்' என்பதிலிருந்து வந்தது. குடும்ப மரம் வரையும்போது ஒரு தகப்பன் பெயரிலிருந்து பிள்ளைகளுக்கு மூன்று கோடு பிரித்துப் போடுவோம் அல்லவா? அது சேற்றில் பதிந்த பறவைக் காலடி போல் இருந்ததாம். இன்று அந்த வார்த்தை நாய்த் தீனிப் பையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பறவையின் கால் நாயின் சாப்பாட்டில்!

"இதெல்லாம் ஆங்கிலத்தின் குழப்பம், நம் தமிழில் இப்படி இல்லை" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கதவில் தொங்குவது ஆமைப்பூட்டு. துப்பாக்கியில் விரலால் இழுப்பது குதிரை. சிங்கப்பூரிலிருந்து யாருக்கோ சாமான் சுமந்து வருபவர் குருவி. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில் மேல் இருந்த போர்ப்பொறிகளின் பட்டியல் வருகிறது. அதில் கருங்குரங்கும் மீன்கொத்தியும் பன்றியும் பொறிகளின் பெயர்களாகவே இருக்கின்றன. பார்த்ததை வைத்துப் பெயரிடுவது மனித இயல்பு. அந்த ஆறாம் வகுப்புப் பையன், தன் அப்பா பார்த்ததை வைத்து அர்த்தம் எழுதினான்.

இனி என் இரண்டாவது தப்பு. இது அவனுக்கே தெரியாது.

நான் கரும்பலகையில் 'க்ரேன் – கொக்கு' என்று எழுதிப் போட்டேன். எத்தனை வருஷம்! ஆனால் நம் வயலில் உழவு மாட்டின் பின்னால் நடக்கும் வெள்ளைக் கொக்கு க்ரேன் அல்ல. ஆங்கிலத்தில் அது ஈக்ரெட், ஹெரான் என்ற வேறு குடும்பம். அடையாளம் காண்பது எளிது. நம் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். க்ரேன் கழுத்தை ஈட்டிபோல் நேராக நீட்டிப் பறக்கும். கொக்கு மரத்தில் கூட்டமாக அடையும். க்ரேன் இனங்களில் பெரும்பாலானவை தரையிலேயே வாழும், தரையிலேயே கூடு கட்டும். வட இந்திய வயல்களில் சாரஸ் என்ற க்ரேன் இருக்கிறது. ஏறக்குறைய ஆறடி உயரம். உலகில் பறக்கும் பறவைகளிலேயே உயரமானது அதுதான். ராஜஸ்தானில் கீச்சன் என்ற கிராமத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான க்ரேன்கள் வந்து இறங்குகின்றன. நம் பக்கத்து வயல்களில் இவை நிற்பதில்லை.

ஆக, எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் யாரும் க்ரேன் பறவையைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அன்று வகுப்பில் இருந்த நாற்பது பேரில் க்ரேன் என்ற ஒன்றைப் பார்த்தவர் வாயால் கேட்டு அறிந்தவன் அவன் ஒருவன்தான். சரியாக எழுதியவனுக்கு நான் தப்புப் போட்டேன். பாதி தப்பாக எழுதிய என்னை நம்பிய முப்பத்தொன்பது பேருக்குச் சரி போட்டேன்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. "இது உனக்கு எப்படிடா தெரியும்?" கேட்டிருந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பான். துறைமுகம், கப்பல், க்ரேன் என்று எல்லாம் வகுப்புக்குள் வந்திருக்கும். அவன் அப்பாவுக்கும் அது ஒரு மரியாதையாக இருந்திருக்கும். அந்த மனிதர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறதாம்.

அன்று அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, "மேல உட்கார்ந்திருக்க பயமா இருக்காதாடா?" என்று கேட்டேன். "உட்கார்றது பயமில்ல டீச்சர், காத்துதான் பயம்" என்றான். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்தான். வேலை முடிந்து இறங்கும்போது கழுத்தைத் திருப்பும் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்து வைத்தால் பெருங்காற்றில் பொறியே சாய்ந்துவிடுமாம். நான் வாத்தியார் வேலையில் பல வருஷம் பிரேக்கை விடாமலேயே இருந்தேன் என்று தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

இன்னொரு செய்தி, அவனுக்காகவே தேடி எடுத்தது. 1965 ஜனவரி 30, வின்ஸ்டன் சர்ச்சிலின் இறுதி ஊர்வலம். சவப்பெட்டியைச் சுமந்த படகு தேம்ஸ் நதியில் போனபோது, கரையில் வரிசையாக நின்ற பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தாழ்த்தி வணங்கின. அந்தப் பழைய படத்தைப் பார்த்தேன். இரும்பு என்றே தோன்றவில்லை. பறவைகள் தலை குனிந்து நிற்பது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு கழுத்துக்கும் உள்ளே ஒரு தொழிலாளி உட்கார்ந்திருந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டேன். அவன் அப்பாவைப் போன்றவர்கள், அவனைப் போன்றவர்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ எழுதிய விடை சரி. உன்னை வகுப்பில் சிரிக்க வைத்தது என் தப்பு. டீச்சரை மன்னித்துவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை உன் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன். மொய்க் கவருக்குள் ஒரு சின்னத் தாளும் இருக்கும். 'க்ரேன் – பாரம் தூக்கும் இயந்திரம்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருப்பேன். உன் மகளிடம் கொடுத்துவிடு. அவள்தானே கேட்டாள்.

மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் சரியான விடை எழுதித் தப்பு வாங்கியவர்கள் இன்னும் இருப்பீர்கள். கூச்சப்படாமல் எழுதுங்கள். முப்பது வருஷம் ஆனாலும் பரவாயில்லை, மறுகூட்டல் உண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்